ஆயிரத்து நானூற்று ஐம்பத்தொன்று

"என்னைக் கெடுத்தவன் பேரு தேவசகாயம்," என்றேன்.

டீச்சர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"என்ன பழுதுன்னு கேட்டேன் அண்ணே."

"அதைத்தான் சொல்றேன்."

அவர் நாற்காலியைத் திருப்பி என்னைப் பார்த்தார். உட்காரச் சொன்னார். நான் நின்றேன்.

டீச்சர் என்றால் பள்ளிக்கூட டீச்சர் இல்லை. பெயர் மெஹருன்னிசா. முன்பு பாலிடெக்னிக்கில் பாடம் எடுத்தவர். எங்கள் நூற்பாலைக்கு வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. என்னைவிட இருபது வயது சின்னவர். மில்லின் கிளவுட் இப்போது அவர் பொறுப்பு.

கிளவுட் என்றால் வானத்தில் ஒன்றும் இல்லை. பழைய பஞ்சுக் கிடங்கில் ஒரு மூலையைக் கண்ணாடி போட்டு அடைத்து, ஏசி வைத்து, சர்வர் பெட்டிகளை அடுக்கியிருந்தார்கள். மில்லுக்கு மட்டுமே சொந்தமானது. ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் பத்துப் பன்னிரண்டு கம்ப்யூட்டர்கள் குடியிருந்தன. அவற்றுக்கு உடம்பு கிடையாது. வி.எம். என்பார்கள்.

நான் எட்டாவது வரை படித்தவன். எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். உடம்பில்லாதவை பேசிக்கொள்வதற்கும் கடைசியில் ஒரு கேபிள் வேண்டும். கேபிள் என் வேலை.

ஏழு வருடத்துக்கு முன்னால் ஒரு காலை, இரண்டு வி.எம்.கள் பேச்சை நிறுத்தின. ஒன்று கிடங்கில் எத்தனை பேல் பஞ்சு, அதாவது எத்தனை பொதி, இருக்கிறது என்று காட்டுவது. இன்னொன்று பேலை வெளியே எடுக்கச் சீட்டு அடிப்பது. சீட்டு இல்லாமல் பஞ்சு நகரவில்லை. பஞ்சு இல்லாமல் மிஷின்கள் நின்றன. ஒரு ஷிஃப்ட் ஆட்களை வாசலோடு வீட்டுக்கு அனுப்பினார்கள்.

முதலாளி ஒரு பெயர் கேட்டார்.

அன்று கிளவுட் தேவசகாயத்தின் கையில் இருந்தது. கேபிளை மாற்று என்றான். மாற்றினேன். கொஞ்ச நேரத்தில் இரண்டும் பேச ஆரம்பித்தன. பழுதுப் பதிவேட்டில் அவன் எழுதினான்: "கேபிள் பழுது. இழுத்தவர் அய்யலு."

அய்யலு நான்தான்.

நானும் அவனும் ஒரே நாளில் மில்லில் சேர்ந்தவர்கள். ஒரே ஏணியில் அவன் மேலேயும் நான் கீழேயும் நின்று கேபிள் இழுத்தோம். அவன் சாயங்கால வகுப்பில் படித்து அதிகாரி ஆனான். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டே இருந்தேன்.

அந்த வரிக்குப் பிறகு என்னை பாய்லருக்குப் பின்னால் இருக்கும் ஸ்டோர் கொட்டகைக்கு மாற்றினார்கள். கேன்டீனுக்குப் போனால், அய்யலு அண்ணே, இன்னிக்கு எங்களை எத்தனை மணிக்கு வீட்டுக்கு அனுப்பப்போறீங்க என்று கேட்பார்கள். சிரித்துக்கொண்டுதான் கேட்பார்கள். நான் கேன்டீனுக்குப் போவதை நிறுத்தினேன். கொட்டகையில் கேபிள் உருளை ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் வைத்துச் சாப்பிடுவேன். வீட்டிலும் நான் ஒருவன்தான். மனைவி சரோஜா அதற்கு முன்பே இறந்துவிட்டாள்.

இதையெல்லாம் டீச்சரிடம் சொன்னேன்.

"பழைய கேபிள் எங்கே?" என்று மட்டும் கேட்டார்.

"கொட்டகையில ஆணியில மாட்டி வெச்சிருக்கேன்."

"ஏழு வருஷமாவா?"

"தினமும் பாக்குறேன்."



நான் அன்று அவரிடம் போனதற்குக் காரணம் இருந்தது. அந்த வாரம் புதுப் பெட்டிகள் வந்து வி.எம்.களைப் பிரித்து வைத்திருந்தார்கள். அதே இரண்டு வி.எம்.கள் மறுபடி பேச்சை நிறுத்திவிட்டன. பேல்களைக் கையால் எண்ணிச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தார்கள். இப்போது மேலதிகாரியாகிவிட்ட தேவசகாயத்திடமிருந்து எனக்குத் துண்டுச்சீட்டு வந்தது. "கேபிள் பார்க்கவும்."

மாதக் கடைசியில் நான் ஓய்வு பெறுகிறேன். எங்கள் மில்லில் ஓய்வு பெறுகிறவருக்குப் பணிச்சான்று கொடுப்பார்கள். பதிவேட்டில் அவர் பெயரில் உள்ள வரிகளை எல்லாம் அதில் எடுத்து எழுதுவார்கள். முப்பத்தெட்டு வருடத்தில் என் பெயரில் ஒரே வரி.

பதிவேட்டில் ஒரு வரியைக் கோடு போட்டு அடிப்பதென்றால், எழுதியவர்தான் அடிக்க வேண்டும். பக்கத்தில் கையெழுத்தும் போட வேண்டும். முதலாளியே ஆனாலும் இன்னொருவர் எழுதியதைத் தொட முடியாது. அது முதலாளியின் அப்பா காலத்து வழக்கம்.

"பழுது கேபிள்ல இல்லைன்னு காட்டணும் டீச்சர். அவன் கையாலயே அந்த வரியை அடிக்கணும்."

"முதல்ல பிங் பண்ணுங்க," என்றார்.

பிங் என்றால் இந்த வி.எம்.மிலிருந்து அந்த வி.எம்.மைக் கூப்பிடுவது. அது பதில் கொடுக்கும். செய்தேன். உடனே பதில் வந்தது. பத்து முறை கூப்பிட்டேன். பத்து முறையும் வந்தது.

"பாதை நல்லா இருக்கு," என்றேன்.

"பிங் என்ன கேட்டுச்சு?"

"இருக்கியான்னு கேட்டுச்சு."

"அது?"

"இருக்கேன்னுச்சு."

"அதுக்கு மேல?"

"அதுக்கு மேல ஒண்ணும் இல்லை."

நாளைக்குக் கொட்டகைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் திரைப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

---

மறுநாள் அவர் வந்தபோது எட்டு மணி தாண்டியிருந்தது. டீ கொடுத்தேன். பாதி குடித்திருப்பார், இன்டர்காம் அடித்தது. எடுத்தேன். வைத்தேன்.

"யாரு?"

"தேவசகாயம். தினமும் எட்டுப் பத்துக்கு அடிப்பான்."

"என்ன சொன்னார்?"

"இருக்கியான்னான். இருக்கேன்னேன். வெச்சுட்டான்."

"எத்தனை வருஷமா?"

"இங்க வந்ததில இருந்து. நான் வேலைக்கு வந்துட்டேனான்னு வேவு பாக்குறான்."

டீச்சர் மீதி டீயைக் குடித்தார். தம்ளரைக் கழுவிக் கவிழ்த்தார். பிறகு வெளியே போய், சாமான் கொடுக்கும் கம்பி ஜன்னலுக்கு முன்னால் நின்றார்.

"ஒரு ஸ்குரூடிரைவர் கொடுங்க."

கம்பிகளுக்கு நடுவே கொடுத்தேன்.

"ஒரு பிளையர்."

கொடுத்தேன்.

"அந்த உருளை."

கேபிள் உருளை என் இடுப்பு உயரம். சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. கையை நீட்டியபடி நின்றார்.

"ஜன்னல்ல போகாது டீச்சர். கதவு வழியா வாங்க."

"போகாதுன்னு நீங்க சொன்னதால தெரியுது. சொல்லலைன்னா?"

"கையை நீட்டிக்கிட்டே நிப்பீங்க."

"என்ன நினைப்பேன்?"

யோசித்தேன்.

"நான் கொடுக்க மாட்டேங்கிறேன்னு நினைப்பீங்க," என்றேன்.

அவர் கையை மடக்கிக்கொண்டு நடந்தார். கண்ணாடி அறைக்குப் போகிறார் என்று புரிந்து பின்னால் போனேன்.

---

சீட்டு அடிக்கும் வி.எம்.மைத் திறக்கச் சொன்னார். திறந்தது. பெயர் கேட்டது. கடவுச்சொல் கேட்டது. பேல் பட்டியல் கேட்டேன். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

"அந்தப் பக்கம் பதில் தரலை," என்றேன்.

"அந்தப் பக்கம் போய்ப் பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. எப்போதும் இந்தப் பக்கத்திலிருந்துதான் பார்த்திருக்கிறேன்.

அவர் இன்னொரு திரையில், இருப்பைக் காட்டும் வி.எம்.மின் வாசலைத் திறந்து காட்டினார். அதிலிருந்து போவதும் அதற்கு வருவதும் வரிவரியாக ஓடின. என் கேள்வி வந்து சேர்ந்திருந்தது. அது உடனே பட்டியலை அனுப்பியிருந்தது. 'பெற்றுக்கொண்டேன்' என்ற சொல் இந்தப் பக்கத்திலிருந்து திரும்பி வராததால் அதே பட்டியலை மறுபடி அனுப்பியது. மறுபடி அனுப்பியது. முதலில் ஒரு நொடி விட்டு. பிறகு இரண்டு நொடி விட்டு. பிறகு நான்கு. பிறகு எட்டு.

"இது எப்ப நிறுத்தும்?"

"சீக்கிரம் நிறுத்தாது. இடைவெளி மட்டும் கூடிக்கிட்டே போகும்."

நான் இந்தப் பக்கத் திரையைப் பார்த்தேன். இங்கே ஒன்றும் வரவில்லை. வட்டம் சுற்றியது.

"அப்ப நடுவுல கேபிள்தானே டீச்சர்," என்றேன்.

"பெரிசா ஒண்ணு அனுப்பிப் பாருங்க."

பிங்கையே பெரிதாக்கலாம் என்று எனக்கு அதுவரை தெரியாது. வழியில் உடைக்காதே என்று ஒரு குறிப்பையும் சேர்த்து அனுப்பலாம். அளவு ஆயிரத்து ஐந்நூறு பைட் வைத்து அனுப்பினேன். பதில் இல்லை. ஆயிரத்து நானூறு. பதில் வந்தது. ஆயிரத்து நானூற்று எழுபது. இல்லை. நானூற்று நாற்பது. வந்தது. நானூற்று ஐம்பது. வந்தது.

நானூற்று ஐம்பத்தொன்று.

இல்லை.

மறுபடி அனுப்பினேன். இல்லை. ஒன்றைக் குறைத்தேன். வந்தது. ஒன்றைக் கூட்டினேன். இல்லை. அன்று மதியம் முழுக்க அதையே செய்துகொண்டிருந்தேன். டீச்சர் தடுக்கவில்லை.

"கேபிளுக்கு அளவு தெரியுமா அண்ணே?" என்று கேட்டார்.

தெரியாது. கேபிள் சின்னதையும் கொண்டுபோகும். பெரியதையும் கொண்டுபோகும். எண்ணிப் பார்த்து ஒன்றை மட்டும் கீழே போட அதற்குத் தெரியாது.

அப்புறம் அவர் சொன்னார். ஒரே பெட்டிக்குள் இருக்கும் வி.எம்.கள் பேசும்போது செய்திப் பொட்டலம் அப்படியே போகும். வேறு வேறு பெட்டியில் இருந்தால் பொட்டலத்தை இன்னொரு உறைக்குள் போட்டுத்தான் அனுப்பும். அந்த உறை மட்டும் ஐம்பது பிடிக்கும். நடுவில் கேபிள்கள் வந்து சேரும் சுவிட்சில் ஆயிரத்து ஐந்நூறுதான் நுழையும். நுழையாததை அது கீழே போட்டுவிடும். அனுப்பியவனுக்கும் சொல்லாது. வாங்குகிறவனுக்கும் சொல்லாது.

"ஏழு வருஷத்துக்கு முன்னாடி கேபிளை மாத்தினதும் சரியாச்சே?"

அவர் பழைய குறிப்புகளைத் தேடி எடுத்தார். அன்று நான் கேபிளை மாற்றிக்கொண்டிருந்த அதே நேரத்தில், தேவசகாயம் அந்த இரண்டு வி.எம்.களையும் ஒரே பெட்டிக்குள் நகர்த்தியிருந்தான். நேரமும் அவன் பெயரும் இருந்தன.

நான் அப்போதுதான் உட்கார்ந்தேன்.

"இதை எப்படிச் சரிபண்றது?"

"ரெண்டு வழி இருக்கு. பாதையை அகலமாக்கலாம். இல்லேன்னா அனுப்புறவங்க பொட்டலத்தைச் சின்னதாக்கலாம்."

அவர் சுவிட்சில் பாதையை அகலமாக்கினார். பிறகு என்னைக் கொட்டகைக்குப் போய் ஆணியில் இருப்பதை எடுத்துவரச் சொன்னார். கொண்டுவந்தேன். தூசியைத் துடைத்து, புதுக் கேபிளைக் கழற்றிவிட்டு, அந்தப் பழையதை மாட்டினார்.

பட்டியல் கேட்டேன். கண் இமைப்பதற்குள் வந்தது. நான்காயிரத்துச் சொச்சம் பேலும், ஒவ்வொன்றின் எண்ணும்.

அந்தக் கேபிள் இன்றும் அங்கேதான் இருக்கிறது.

---

டீச்சர் நடந்ததை எழுதி முதலாளிக்கும் தேவசகாயத்துக்கும் அனுப்பினார். கேபிள் பழுதில்லை, இப்போதும் இல்லை, முன்பும் இல்லை என்று எழுதியிருந்தார். என்னிடம் ஒரு பிரதி கொடுத்தார். ஒவ்வொரு சொல்லாக நான்கு முறை படித்தேன்.

மறுநாள் எட்டுப் பத்துக்கு இன்டர்காம் அடித்தது.

"இருக்கியா?"

"இருக்கேன்."

வைத்துவிட்டான்.

நேராக டீச்சரிடம் போனேன். அவனுக்கு வாய் இல்லையா, கை இல்லையா, ஒரு கோடு போட எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டேன். நிறையப் பேசினேன். அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நீங்க அவருக்கு என்ன அனுப்பினீங்க?" என்றார்.

"நானா?"

"ஏழு வருஷத்துல."

இருக்கேன் என்று அனுப்பியிருக்கிறேன்.

"கொஞ்சம் கொஞ்சமா கூட்டிப் பாருங்க," என்றார்.

மாதக் கடைசிக்கு ஏழு நாள் இருந்தது.

முதல் நாள், இருக்கேன், மழை வரும்போல இருக்கு என்றேன். கொஞ்சம் பொறுத்து, ஆமா என்றான்.

இரண்டாம் நாள் முழங்கால் வலி என்றேன். எனக்கும்தான், ஏணி ஏறின கால்தானே என்றான்.

மூன்றாம் நாள், "வர்ற மாசம் சரோஜா போய்ப் பத்து வருஷம்," என்றேன்.

"தெரியும். பதினாலாம் தேதி."

அதை நான் எதிர்பார்க்கவில்லை. அன்று நான்தான் முதலில் வைத்தேன்.

நான்காம் நாள் டீச்சர் எழுதியதைப் படித்தாயா என்று கேட்டேன்.

"படிச்சேன்."

ஐந்தாம் நாள், "அந்த வரி," என்றேன்.

பதில் இல்லை. வைக்கவும் இல்லை. அவன் அறையின் மின்விசிறி சுற்றுவது கேட்டது. ரொம்ப நேரம் கழித்து அவன் வைத்துவிட்டான், அந்தச் சத்தமும் நின்றது.

டீச்சரிடம் போய்ச் சொன்னேன்.

"எது வரைக்கும் போச்சு?"

"'படிச்சேன்' வரைக்கும்."

அவர் தலையசைத்தார்.

"நீங்க சின்னதாக்கலாம்," என்றார்.

"மாட்டேன். ஏழு வருஷம் டீச்சர். அதைச் சின்னதாக்க என்னால முடியாது."

"சரி," என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

---

கடைசி நாள் மதியம் தேவசகாயத்தின் அறைக்கு நடந்தேன். கொட்டகையிலிருந்து நானூறு தப்படி. ஏழு வருடத்தில் ஒருமுறைகூட அந்தப் பக்கம் போனதில்லை.

அவன் தனியாக உட்கார்ந்திருந்தான். தலை முழுக்க நரைத்திருந்தது. டிபன் டப்பா மேசைமேல் திறக்காமல் இருந்தது. அதற்குப் பக்கத்தில் பழைய பதிவேடு.

"சாப்டியா?" என்றான்.

"ஆச்சு. நீ?"

"சாப்பிடணும்."

நான் பதிவேட்டை என் பக்கம் இழுத்தேன். அவன் தடுக்கவில்லை. அட்டையைத் தூக்கியதும் அது தானாகவே ஒரு பக்கத்தில் விரிந்தது. வேறு எந்தப் பக்கத்திலும் விரியாது என்பதுபோல விரிந்தது. அந்தத் தாளின் ஓரம் பழுப்பேறித் துணிபோல மெத்தென்று இருந்தது.

என் வரி இருந்தது. "கேபிள் பழுது. இழுத்தவர் அய்யலு."

முதல் எழுத்துக்கு முன்னால் மைப்புள்ளிகள். ஒன்று இரண்டு இல்லை. பேனாவை வைத்துவிட்டு நகர்த்தாமல் எடுத்தால் விழும் புள்ளி. நீல மையில் இருந்தன. கறுப்பில் இருந்தன. சில வெளுத்திருந்தன. ஒன்று இன்னும் பளபளத்தது.

நான் அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். டீச்சர் காட்டிய அந்தத் திரை எனக்கு ஞாபகம் வந்தது. ஒரு நொடி. இரண்டு நொடி. நான்கு. எட்டு.

பேனாவை எடுத்து அவன் முன்னால் வைத்தேன். மூடியைக் கழற்றியும் வைத்தேன்.

அவன் எடுத்தான். வரியின் தொடக்கத்தில் வைத்தான். வெளியே ஷிஃப்ட் சங்கு ஊதி நின்றது. அவன் பேனாவைத் தூக்கிவிட்டான்.

"உன் சான்று தயாரா இருக்கு, ஆபீஸ்ல வாங்கிக்க," என்றான்.

வாங்கிக்கொண்டேன். அதில் என் பெயர் இருந்தது. முப்பத்தெட்டு வருடம் என்று இருந்தது. கீழே அந்த வரி இருந்தது.

வாசலுக்குப் போகும் வழியில் கண்ணாடி அறையில் நுழைந்தேன். டீச்சர் எழுந்து நின்றார்.

"புள்ளி வெச்சிருக்கான் டீச்சர்," என்றேன். "நிறைய."

அவர் காத்திருந்தார்.

"புள்ளி கோடு ஆகாது."

"ஆகாது அண்ணே," என்றார்.

பெட்டிகள் இரைந்துகொண்டிருந்தன. என் கேபிள் மாட்டிய இடத்தில் சின்னப் பச்சை விளக்கு விட்டு விட்டு எரிந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கிளம்பினேன்.

---

மறுநாள் காலை எனக்குப் போக இடம் இல்லை. குளித்துச் சட்டை போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தேன்.

எட்டுப் பத்துக்குக் கைபேசி அடித்தது.

"இருக்கியா?"

"இருக்கேன்."

அவன் வைப்பதற்குள், ஏழு வருடத்தில் ஒருமுறைகூடக் கேட்காததைக் கேட்டேன்.

"நீ இருக்கியா?"

மின்விசிறி சுற்றுவது கேட்டது.

"இருக்கேன் அய்யலு," என்றான்.

இது நடந்து எட்டு மாதம் ஆகிறது. தினமும் அடிக்கிறான். தினமும் எடுக்கிறேன். பதினாலாம் தேதி வீட்டுக்கே வந்தான். சரோஜா படத்துக்கு முன்னால் நின்றுவிட்டுப் போனான்.

அந்தக் கோடு இன்னும் வரவில்லை.